தெற்கே நின்ற உயரச் சுவர்

மேசையில் விரித்த படத்தைப் பார்த்ததுமே பாலேந்திராவுக்கு வாய் கசந்தது. நீள்வட்டமாக ஒரு மதில். மதில் முழுக்க வளைவுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. ஒரு பக்கம் நாலு தட்டு உயரத்துக்கு எழுந்து நின்றது, மறுபக்கம் இடிந்து தாழ்ந்து கிடந்தது. நடுவிலே, மனிதரும் மிருகமும் வெட்டுப்பட்டு விழுந்த அந்த மணல் தரையிலே, வாழைமரம் கட்டிய மணவறை.

"இதென்ன?" என்று கேட்டார், தெரிந்துகொண்டே.

"கொலோசியம், ஐயா. ரோமிலை இருக்கிறது," என்றார் மாப்பிள்ளையின் தகப்பன் யோகராஜா. "வெம்பிளி மண்டபத்துக்கு இதுதான் சோடனை. பிள்ளையள் ரெண்டுபேரும் விரும்பினவை."

"எதாலை கட்டப்போறீர்?"

"ரெஜிபோமாலை."

தொலைக்காட்சிப் பெட்டியை உடையாமல் கொண்டுவருவதற்கு அட்டைக்குள் அடைக்கிற வெள்ளைச் சாமான். பாலேந்திரா படத்தை விரல் நுனியால் தள்ளிவிட்டார். முப்பத்தொரு வருடம் இலங்கைப் பொதுவேலைத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்து, ஏழு பாலமும் இரண்டு நீதிமன்றமும் கட்டிவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். எழுபத்திரண்டு வயதிலும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. ஹரோவில் தம்பி வீட்டு முன்னறையில் அன்றைக்குப் பன்னிரண்டு சொந்தக்காரர் கூடியிருந்தார்கள். தம்பி தேவராசா செத்து ஆறு வருடம். தம்பியின் ஒரே மகள் துஷ்யாவைக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போய்த் தாரைவார்த்துக் கொடுக்கவேண்டிய கடமை பெரியப்பாவான அவருடையது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தம்பிக்கு அவர் கொடுத்த வாக்கு அது.

அந்தப் பெண் போய்ச் சேருகிற வீடு இந்த யோகராஜாவுடையது. யோகராஜா ரோமிலே பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, இத்தாலியக் கடவுச்சீட்டோடு லண்டனுக்கு வந்து, வெம்பிளியில் இரண்டு கடை போட்டவர். ரோமிலே என்ன வேலை பார்த்தார் என்று யாரும் துருவி அறியத் தேவையில்லை. அவரே சொல்லுவார், தேத்தண்ணி குடிக்கிற சாக்கில்.

"கொலோசியத்திலைதான் எட்டு வருசம் வேலை, ஐயா. கல்லு இடுக்குகளிலை செடி முளைக்கும். ஏணி வைச்சு ஏறிப் பிடுங்கவேணும். வேரோடை இழுத்தால் கல்லு ஆடும். வேரை விட்டால் திரும்ப வரும். அதுக்கு ஒரு பக்குவம் கிடக்கு."

புல்லுப் பிடுங்கினதையும் ஒரு பட்டம் போலச் சொல்லித் திரிகிற மனிதர். அவரைச் சம்மந்தி என்று அழைக்கப் பாலேந்திராவுக்கு நா எழவில்லை. 'நீங்கள்' என்றும் சொல்லவில்லை. சபையில் 'நீர்' என்றுதான் பேசினார், எல்லாருக்கும் கேட்கும்படி.

"உமக்கு அந்தக் கட்டடத்தைப் பற்றி நான் சொல்லுறன், கேளும்," என்றார். "ஒரு தட்டிலை எண்பது வளைவு. மூண்டு தட்டு. அதுக்கு மேலை மூடின சுவர் ஒண்டு. ஐம்பதாயிரம் சனம் உள்ளை போய், நெரிபடாமல் வெளியிலை வரக்கூடிய மாதிரிப் படியும் பாதையும் போட்டிருக்கிறான். இண்டைக்கும் விளையாட்டு மைதானம் கட்டுறவன் அவனைத்தான் பாத்துக் கட்டுறான். ஏரி கிடந்த இடத்திலை, நாற்பதடி ஆழத்துக்கு அத்திவாரம். கட்டினவனுக்கு நான் தலைகுனிவன். ஆனால் எதுக்குக் கட்டினவன்? மனிசனை மிருகத்துக்குப் போட்டுட்டு, மேலை இருந்து சிரிக்கிறதுக்கு. கட்டடத்தைக் கொண்டுவந்தால் அதுக்குள்ளை நடந்ததும் கூடத்தான் வரும். ரெஜிபோம் எண்டு அது விட்டிட்டு வராது."

மணப்பெண்ணின் தாய் சுசிலா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்கு அது சோறு போட்ட இடம், ஐயா," என்றார் யோகராஜா.

"அப்ப சோத்துப் பானையைச் செய்து வையும், மண்டபத்திலை."

யாரோ ஒருவர் சிரித்து, இருமி மறைத்தார். துஷ்யா மட்டும் நேரே பார்த்தாள். "பெரியப்பா, எங்களுக்கு அது பிடிச்சிருக்கு. ப்ளீஸ்," என்றாள்.

பிள்ளை கேட்டபிறகு சோடனையை நிறுத்த முடியாது. ஆனால் ஒன்றும் பெறாமல் சபையை விட்டு எழும்புகிற பழக்கமும் பாலேந்திராவுக்கு இல்லை. படத்தைத் திருப்பித் தன் பக்கம் இழுத்தார். மண்டபம் கிழக்கு மேற்காக நீண்டது. நீள்வட்டத்தின் இரண்டு முனையிலும் இரண்டு பெருவாசல். கார் நிற்பாட்டுகிற இடம் மேற்கே என்பதால், மணப்பெண் மேற்கு வாசலால் வருவதாக அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

"பெண் மேற்காலை வரக்கூடாது. கிழக்கு வாசலாலைதான் வரவேணும்," என்றார். "அதுதான் மங்கலம். எங்கடை வீட்டுப் பெண்டுகள் அப்பிடித்தான் வந்தவை. இல்லையெண்டால் நான் வரமாட்டன். பிள்ளையை வேறை ஆரும் கூட்டிக்கொண்டு வரட்டும்."

யோகராஜா படத்தைக் குனிந்து பார்த்தார். ஒரு முனையைப் பார்த்தார், மறு முனையைப் பார்த்தார். எதையோ சொல்ல வாய் திறந்து, மூடினார்.

"கிழக்காலைதான் வேணுமோ, ஐயா?"

"ஒருதரம் சொன்னால் விளங்காதோ உமக்கு?"

"சரி, ஐயா. கிழக்காலை."

எதிர்த்து ஒரு சொல் பேசத் தெரியாத மனிதர். முதுகில் எலும்பில்லை, அதுவும் ரெஜிபோம்தான் என்று வீட்டுக்கு வந்து மனைவி நகுலேஸ்வரியிடம் சொன்னார். அவர் சொல்லைத் தேத்தண்ணிக் கோப்பையோடு எடுத்துக்கொண்டு அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

வென்றபிறகும் அவருக்கு ஆறவில்லை. அதற்கு ஒரு காரணம் டொக்டர் பாலசுப்பிரமணியன். சென்னைக்காரர், இரண்டு வீடு தள்ளி இருப்பவர், காலையில் பூங்காவைச் சுற்றி நடக்கும்போது கூட வருபவர். போன கோடையில் ரோமுக்குப் போய் மூன்று நாள் நின்றதிலிருந்து அவர் வாயில் வேறு பேச்சில்லை.

"சார், நீங்க இன்ஜினியர். கொலோசியத்த நேர்ல பாத்ததே இல்லையா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பார். "சே, சே. கண்டிப்பா பாக்கணும் சார்."

பதினொரு வருட நடையில் பாலேந்திரா அந்த மனிதரிடம் 'எனக்குத் தெரியாது' என்று ஒருமுறையாவது சொன்னதில்லை. அவர் துஷ்யாவின் கலியாணத்துக்கும் வரப்போகிறார். சோடனையைப் பார்த்து ஏதாவது கேட்டால், அவர் வாயை அடைக்கிற மாதிரி நாலு விஷயம் கைவசம் இருக்கவேண்டும்.

ஆகவே கலியாணத்துக்கு ஐந்து நாள் இருக்க, பாலேந்திரா கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு மெட்ரோபொலிட்டன் லைனில் ஏறி, மூர்கேட்டில் இறங்கி, கில்ட்ஹோலுக்கு நடந்தார். அங்கே ஓவியக்கூடத்துக்கு அடியில் லண்டனின் சொந்த ரோமானிய அரங்கம் கிடக்கிறது என்று பத்திரிகையில் படித்திருந்தார். நிலவறை இருட்டில் கிடந்தவை இடுப்பளவுகூட இல்லாத சில சுவர்த் துண்டுகளும், பலகை போட்ட ஒரு வடிகாலும். வெறுமையை மறைக்கப் பச்சை வெளிச்சத்தில் சண்டைக்காரரின் கோட்டுருவங்களை நிறுத்தியிருந்தார்கள். உலகத்தை ஆண்டோம் என்கிற ஊர், ஒரு வடிகாலைக் காட்டச் சனத்தைக் கூப்பிடுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

அங்கே எஞ்சியிருந்தது அரங்கின் கிழக்கு வாசல். வாசலுக்கு இருபுறமும் இரண்டு சின்ன அறைகள். சண்டைக்கு விடமுன் மிருகங்களையோ மனிதரையோ இதற்குள் வைத்திருந்திருக்கலாம் என்று பலகையில் எழுதியிருந்தது. பாலேந்திரா அந்த வாசலின் அகலத்தைக் கண்ணால் அளந்தபடி நின்றார். கிழக்கு வாசல் என்ற சொல் முள்ளுப்போலத் தைத்தது.

அடுத்தநாள் ஹரோ நூலகத்தில் பெரிய படப்புத்தகம் ஒன்றை எடுத்துக் கொலோசியத்தின் தரைப்படத்தை விரித்தார். தரைப்படம் வாசிக்க அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நெடிய அச்சில் இரண்டு வாசல். மேற்கே, வென்றவர்கள் நடந்துவரும் வாசல். கிழக்கே மற்றது. அதற்குப் பெயரே ரோமானியரின் சாவுச்சடங்குத் தெய்வத்தின் பெயர். அதன் வழியாகத்தான் பிணங்களை இழுத்துப்போனார்கள் என்று எழுதியிருந்தது. அதே பக்கத்தில், வடக்குப் பக்கத்து வெளிச்சுவர் மட்டும் நாலு தட்டோடு இன்றும் நிற்கிறது, தெற்குப் பக்கம் பூமி அதிர்ச்சியில் விழுந்து, விழுந்த கல்லைப் பிரபுக்கள் மாளிகை கட்ட அள்ளிப்போனார்கள் என்றும் இருந்தது. பாலேந்திரா இரண்டுதரம் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மூன்றாந்தரம் வாசித்தார்.

தம்பியின் மகளைப் பிணம் போகிற வாசலால் கூட்டிவரச் சொன்னது வேறு யாருமில்லை, அவரேதான்.

"ரெஜிபோம்தானே," என்றாள் நகுலேஸ்வரி, கேட்டுவிட்டு. "அதிலை ஆர் செத்தது?"

"கட்டடத்தோடை நடந்ததும் வரும் எண்டு சபையிலை சொன்னது நான்."

"அப்ப போய்ச் சொல்லுங்கோ, பிழைபட்டுப்போச்செண்டு."

"ஆருக்கு? அவனுக்கோ?"

"வாசலை மாத்தினது நீங்கள். வாசலைக் கட்டுறது அவர். வேறை ஆருக்குச் சொல்லப்போறியள், கவுன்சிலுக்கோ?"

மூன்று தரம் தொலைபேசியை எடுத்து மூன்று தரமும் வைத்தார். மேற்கால் வரட்டும் என்று காரணம் சொல்லாமல் மாற்றினால், கிழவனுக்கு ஒரு சொல்லில் நிற்கத் தெரியாது என்று பன்னிரண்டு வீட்டிலும் பேச்சாகும். காரணத்தைச் சொன்னால், புல்லுப் பிடுங்கினவன் முன்னால் பொறியியலாளர் தலைகுனியவேண்டும். சொல்லாமல் விட்டால் பிள்ளை அந்த வாசலால் வருவாள். மற்றவர்களுக்குத் தெரியாது. ஆனால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம், கலியாணத்துக்கு முதல்நாள், சொல்வதென்று முடிவெடுத்து வெம்பிளிக்குப் போனார். இரண்டே வசனம். வழி முழுக்க அதைத்தான் அடுக்கிக்கொண்டு போனார்.

மண்டபத்தின் மேற்குக் கதவால் நுழைந்தவருக்கு முன்னால் வழி இல்லை. நுழைந்தவுடன் நின்ற பெருவாசலை வாழைமரமும் பூத்திரையும் போட்டு ஒரேயடியாக அடைத்திருந்தார்கள். சோடனைக்காரப் பெடியன் ஒருவன், "சுத்திப் பக்கத்தாலை வாங்கோ அங்கிள்," என்றான். எழுநூறு விருந்தாளி வருகிற முன்வாசலை அடைத்துவிட்டு, சனத்தைச் சுற்ற விடுகிற ஏற்பாடு. உள்ளூரச் சிரித்துக்கொண்டு சுற்றிப் போனார்.

உள்ளே போனதும் இன்னும் பெரிய கேலிக்கு இடம் கிடைத்தது. நாலு தட்டு உயரச் சுவர் தெற்குப் பக்கத்தில் நின்றது. வடக்குப் பக்கம் தாழ்ந்து கிடந்தது. எட்டு வருடம் அந்தச் சுவரில் தொங்கின மனிதருக்கு, எந்தப் பக்கம் நிற்கிறது, எந்தப் பக்கம் விழுந்தது என்று தெரியவில்லை. பாலேந்திராவின் நெஞ்சு நிமிர்ந்தது. மூன்று நாளாக இருந்த பாரம் பாதி இறங்கினது போலிருந்தது. பிழைவிட்டவர் தான் மட்டுமில்லை.

இரண்டு எட்டு வைத்தார். பிறகு நின்றார்.

சுவரைப் பார்த்தார். அடைத்துக்கிடந்த மேற்கு வாசலைப் பார்த்தார். திறந்துகிடந்த கிழக்கு வாசலைப் பார்த்தார். தரைப்படத்தை மனதுக்குள் விரித்து, மெதுவாக அரைவட்டம் திருப்பினார். வடக்கு தெற்கே வந்தது. வென்றவரின் வாசல் கிழக்கே வந்து நின்றது. பிணத்தின் வாசல் மேற்கே போய், வாழைமரத்துக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்தது.

யோகராஜா தெற்குச் சுவரோடு ஏணியில் நின்று, திருப்புளியால் ரெஜிபோமில் சின்னச் சின்னக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். தோளெல்லாம் வெள்ளைத் துகள். பாலேந்திராவைக் கண்டதும் இறங்கினார்.

"வாங்கோ, ஐயா. கல்லுக்குக் கல்லு இரும்பு ஆப்பு வைச்சுப் பிணைச்சிருந்தது. பிறகு வந்த சனம் இரும்புக்காகக் கிண்டி எடுத்திட்டுது. அந்தக் குழியள் இல்லாட்டி அது கொலோசியம் மாதிரி இராது."

"சுவர் தெற்கிலை நிக்குது," என்றார் பாலேந்திரா.

"ஓம், ஐயா."

"அது வடக்கிலை நிக்கவேண்டியது."

"தெரியும், ஐயா."

"எப்ப திருப்பினது?"

"நீங்கள் கிழக்கெண்டு சொன்ன அண்டைக்கே." யோகராஜா கையிலிருந்த துகளைத் தட்டினார். "சோடனைக்காரர் பேசினவை. வாசல் ரெண்டும் ஒரே மாதிரித்தானே, பேரை மட்டும் மாத்துவம் எண்டவை. அது ஏமாத்து. எந்தப் பக்கத்துச் சுவர் நிக்குதெண்டதை வைச்சுத்தான் எந்த வாசல் எதெண்டு சொல்லலாம். அதாலை முழுக்கத் திருப்பச் சொன்னன். மற்ற வாசலை அடைச்சாச்சு. சனமும் மாப்பிள்ளையும் பக்கத்தாலை வருவினம். ரோம் ராசாவும் அப்பிடித்தான் வந்தவராம்."

"அண்டைக்கே சொல்லியிருக்கலாம்."

"சபையிலையோ?"

பாலேந்திரா அடுக்கிக்கொண்டு வந்த இரண்டு வசனமும் இனித் தேவைப்படவில்லை. ஆனால் வேறு வசனம் எதையும் அவர் கொண்டுவரவில்லை. சுவரில் ஒரு குழியை விரலால் தொட்டுப்பார்த்தார். கல்லின் இணைப்பில், சரியான இடத்தில்தான் தோண்டியிருந்தது.

"ஆழம் போதாது," என்றார்.

"சரி, ஐயா," என்று யோகராஜா திரும்ப ஏணியில் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்தத்துக்கு முன்னம், பாலேந்திரா துஷ்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிழக்கு வாசலுக்குள் நுழைந்தார். ரெஜிபோம் ரெஜிபோமாகத்தான் இருந்தது. கை பட்டால் கிரீச்சிட்டது. சாம்பல் நிறப் பூச்சு ஓரங்களில் உரிந்து நின்றது. மேலே யாரோ புகை விடும் இயந்திரத்தைத் திறந்துவிட, நாதஸ்வரக்காரர் இருமினார். இந்தக் கூத்தெல்லாம் அவருக்குப் பிடிக்கவில்லை, பிடித்ததாகக் காட்டவும் இல்லை. ஆனால் வளைவுக்குக் கீழே போகும்போது முதுகை இன்னும் ஒரு விரற்கடை நிமிர்த்தினார். "அப்பா இருந்தா சிரிச்சிருப்பார், என்ன பெரியப்பா?" என்று துஷ்யா முணுமுணுத்தாள். "ஓம். நிலத்தைப் பாத்து நட," என்றார்.

தாலி ஏறி, பந்திக்கு அழைக்கும் நேரத்தில், டொக்டர் பாலசுப்பிரமணியன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். சுற்றி ஏழெட்டுப் பேர். யோகராஜாவும் சந்தனக் கும்பாவோடு பக்கத்தில் நின்றார்.

"என்ன சார் இது," என்றார் டொக்டர், பாலேந்திராவைக் கண்டதும், குரலை உயர்த்தி. "நல்லாத்தான் பண்ணியிருக்காங்க. ஆனா தலைகீழாப் பண்ணிட்டாங்க. பெரிய சுவரு நார்த் சைடுல இல்ல இருக்கணும்? நான் போட்டோவே வெச்சிருக்கேன். இவரு அங்கயே வேலை பாத்தேன்னு சொன்னாராமே. எட்டு வருஷம் எதப் பாத்தாரோ."

சிரிப்பு எழுந்தது. யோகராஜா கும்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்வதற்கு அவரிடம் சரியான பதில் இருந்தது. அதைச் சொன்னால், பெண்ணின் பெரியப்பா எந்த வாசலைக் கேட்டார் என்பதும் கூடவே வெளியில் வரும்.

"அவரிலை பிழையில்லை," என்றார் பாலேந்திரா. "திருப்பினது என்னாலை."

டொக்டர் திரும்பினார். "நீங்களா? நீங்க இன்ஜினியர் ஆச்சே சார்."

"ஓம். நான்தான் கிழக்கெண்டு பிடிவாதமாய் நிண்டனான். எந்தப் பக்கம் எதெண்டு எனக்குத் தெரியாது. அவர் எல்லாம் தெரிஞ்சுகொண்டு, என்ரை சொல்லுக்காகத் திருப்பிக் கட்டினவர்."

பதினொரு வருடத்தில் முதல்தரமாக 'தெரியாது' என்ற சொல்லைக் கேட்ட டொக்டரின் முகம் விளக்குப் போட்டது போல மலர்ந்தது. மூன்று நாள் ரோமில் நின்று, அதில் இரண்டு மணித்தியாலம் அந்தக் கட்டடத்தில் நின்று, அந்த இரண்டு மணித்தியாலத்தையும் புகைப்படக் கருவிக்குள்ளால் பார்த்துவிட்டு வந்த முகம். பாலேந்திரா அதை நேரே பார்த்தார், கண்ணை எடுக்கவில்லை.

"அடடா. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே சார்," என்று டொக்டர் அவர் தோளில் கைபோட்டார். "வாங்க, உக்காருங்க. முதல்லேர்ந்து சொல்றேன்."

யோகராஜா ஓரடி முன்னால் வந்தார். "டொக்டர், உண்மையிலை அது..."

"சம்மந்தி," என்றார் பாலேந்திரா, "நீங்கள் போய்ப் பந்தியைப் பாருங்கோ. சனம் காத்துக்கொண்டு நிக்குது."

யோகராஜா தலையசைத்துவிட்டுப் போனார். பாலேந்திரா நாற்காலியை இழுத்து, சாயாமல் உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார். டொக்டர் விமானம் ஏறிய இடத்திலிருந்து தொடங்கினார்.